ஒரு வரிக்குப் பின்னால்: புற்றுநோய் ஆராய்ச்சியும் நம் ஒப்புதலும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவரைப் பத்திரிகையாளர் என்றும், பௌத்தத்தை மீட்டெடுத்தவர் என்றும், வரலாற்றை நம் பக்கத்திலிருந்து வாசித்தவர் என்றும் நிறையப் பேசியிருக்கிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். ஆகவே இன்று மருத்துவம் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அதிலும் இலக்கிய மேடைகளில் யாரும் அதிகம் எடுக்காத ஒன்றை: புற்றுநோய் ஆராய்ச்சியில் நோயாளியின் சம்மதம்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஒரு வரி இருக்கும். 'இந்த ஆய்வுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது. நோயாளிகளிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறப்பட்டது.' கட்டுரையைப் படிக்கும் டாக்டர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நாம் தாண்டக் கூடாது. அந்தச் சம்மதத்தைக் கொடுத்தவர் யார், என்ன புரிந்துகொண்டு கொடுத்தார், மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விகள் அந்த ஒரு வரிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். பெரம்பலூர் மாவட்டத்தில் 31 பேர். அரியலூரில் 23 பேர். இங்கே அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களில் நம் ஆட்களும் கணிசமாக இருப்பார்கள் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மருத்துவக் கல்லூரி வந்தால் மேற்படிப்பும் ஆராய்ச்சியும் கூடவே வரும். வர வேண்டும். ஆனால் குழுமூர் அனிதாவை 2017இல் இழந்த மாவட்டம் இது. மருத்துவராக உள்ளே போக நம் பிள்ளைகளுக்குக் கதவு எவ்வளவு குறுகலோ, ஆய்வுக்கு உட்படும் நோயாளியாக உள்ளே போக நமக்குக் கதவு அவ்வளவு அகலம். இந்த ஏற்றத்தாழ்வுக்கு நடுவில்தான் சம்மதம் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு

முதலில் ஒரு வேறுபாடு. சிகிச்சை உங்களுக்காகச் செய்யப்படுவது. ஆராய்ச்சி, உங்களை வைத்து, நாளை வரப்போகிற நோயாளிகளுக்காக ஒரு விடையைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்படுவது. உங்களுக்கும் நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டையும் செய்பவர் ஒரே டாக்டர், நடப்பது ஒரே வார்டு, எழுதுவது ஒரே கேஸ் ஷீட். அதனால் நோயாளிக்கு எது எது என்று தெரிவதில்லை.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். வேப்பந்தட்டைப் பக்கமிருந்து அறுபது வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர் வருகிறார். சிறுநீரில் ரத்தம். சிறுநீர்ப்பையில் கட்டி என்கிறார்கள். துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். 'பெரியவரே, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க' என்று மூன்று தாள்களை நீட்டுகிறார் இளம் டாக்டர். 'நீங்க சொன்னா சரிதாங்கய்யா' என்று மை தொட்டு வைக்கிறார் அவர். முதல் தாள் ஆபரேஷனுக்கு. இரண்டாவது மயக்க மருந்துக்கு. மூன்றாவது ஆராய்ச்சிக்கு. முதல் இரண்டும் இல்லாமல் வைத்தியம் நடக்காது. மூன்றாவது இல்லாமலும் வைத்தியம் நடக்கும், நடந்தே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அவரிடம் சொன்னார்களா என்பதில்தான் சம்மதத்தின் உயிர் இருக்கிறது.

நம்மைப் பொறுத்தவரை கைநாட்டு சாதாரணமான ஒன்று இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாது என்று விதியும் இருந்தது. இருந்தும் எவ்வளவு நிலம் கைமாறியது என்று உங்களுக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவரின் பெருவிரல் ரேகை எதற்கு வேண்டுமானாலும் சாட்சியாகும் என்பதை நம் குடும்பங்கள் நிலத்தை இழந்து கற்றுக்கொண்டன. உடம்பின் விஷயத்தில் அதே பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டியதில்லை.

பவரியில் நடந்தது

சிறுநீரகவியல் துறையிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. நியூயார்க் நகரில் பவரி என்றொரு தெரு. வீடற்றவர்களும் குடிக்கு அடிமையானவர்களும் மலிவு விடுதிகளில் தங்கியிருந்த இடம். 1951இல் பெரி ஹட்சன் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் அங்கே போய் ஆட்களைத் திரட்டினார். புராஸ்டேட் புற்றுநோயை அறிகுறி தெரியும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. அறிகுறி எதுவும் இல்லாத ஆண்களுக்கு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் அறுத்து, புராஸ்டேட்டிலிருந்து துண்டு எடுத்தார். பதினைந்து ஆண்டுகளில் 1,200க்கும் மேற்பட்டவர்கள். பதிலுக்குச் சில நாட்களுக்குச் சுத்தமான படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, புற்று இருந்தால் இலவச வைத்தியம்.

அந்த அறுவையால் ஆண்மை போகலாம், மலக்குடல் கிழியலாம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. புற்று இருந்தவர்களுக்கு அன்று செய்த வைத்தியம் உயிரைக் காக்கும் என்பதற்கும் அப்போது சான்று இல்லை. இந்த ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம் கிடைத்தது. கட்டுரைகள் வெளிவந்தன. மருத்துவ வரலாற்றாசிரியர் ராபர்ட் அரோனோவிட்ஸ் 2013இல் எழுதிய பிறகே இது பொதுவெளிக்கு வந்தது.

அந்த ஆண்கள் சம்மதம் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். யாரும் கட்டி இழுத்து வரவில்லை. ஆனால் பசித்தவனிடம் சோற்றைக் காட்டி வாங்கும் சம்மதத்துக்கு என்ன பெயர்? நோயாளி 'சரி' என்று சொன்னார் என்பது மட்டும் போதாது. 'முடியாது' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். பவரி நமக்குக் கற்றுத் தருவது இதைத்தான்.

நம் நாட்டில்

இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். 1976 முதல் 1988 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லியில் ஓர் ஆய்வு நடத்தியது. கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்த 1,158 பெண்களைச் சிகிச்சை தராமல் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த மாற்றம் எப்போது, யாருக்குப் புற்றாகிறது என்று அறிய. எழுத்து மூலச் சம்மதம் வாங்கவில்லை. 1997இல் பத்திரிகைகளில் இது வெளியானபோது கடும் கண்டனம் எழுந்தது. 2000இல் அதே கழகம் மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்கு விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஒரு புதிய வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். அதில் பங்கேற்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு அவருடைய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலே இல்லை என்பது 2001இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் விசாரணையில் உறுதியானது. அந்த மையத்துக்கு உள்ளேயே இருந்த ஒரு மருத்துவர் குரல் எழுப்பியதால்தான் விஷயம் வெளியே வந்தது.

தமிழ்நாட்டில் நமக்கு மிக அருகில் நடந்தது திண்டுக்கல் ஆய்வு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது நல்லதும் கெட்டதும் பின்னிய கதை.

2000இல் தொடங்கிய அந்த ஆய்வில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கினார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை. மீதி 57 தொகுதிகளின் 30,958 பெண்களுக்கு ஏற்கெனவே ஊரில் கிடைத்துவந்த மருத்துவ வசதி மட்டும். அதாவது பரிசோதனை கிடையாது. ஆண்டுக்கணக்கில் பார்த்து, இரு தரப்பிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பகுதியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. பரிசோதனை இல்லாத பகுதியில் 92 பெண்கள் அந்த நோயால் இறந்திருந்தார்கள்.

இதே போன்ற ஆய்வுகள் மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் நடந்தன. மூன்றிலும் சேர்த்துப் பரிசோதனை இல்லாத பிரிவில் ஒரு லட்சத்து 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 254 பேர் இறந்தார்கள். எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் இதை எதிர்த்துப் புகார் கொடுத்தார். மும்பை ஆய்வில் பெண்களுக்குப் போதிய விவரம் தரப்படவில்லை, ஆகவே அது முழுமையான சம்மதம் ஆகாது என்று அமெரிக்க அரசின் மேற்பார்வை அலுவலகம் சொன்னது.

ஆய்வாளர்களின் பதிலையும் கேட்க வேண்டும். இந்தியக் கிராமங்களில் பரிசோதனைத் திட்டமே கிடையாது. நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. எளிய சோதனை உயிரைக் காக்கும் என்று நிரூபித்தால்தான் அரசு அதை எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. பின்னாளில் தமிழக அரசு தஞ்சாவூரிலும் தேனியிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் இந்தச் சோதனையைக் கொண்டுபோனது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் பெண்களுக்கு அது கிடைப்பதில் திண்டுக்கல் பெண்களின் பங்கு இருக்கிறது.

ஆனாலும் 'ஏற்கெனவே இல்லாததைத்தானே கொடுக்கவில்லை' என்ற வாதத்தை நாம் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம். காலனிக்குச் சாலை இல்லை, அது ஏற்கெனவே இல்லை. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, அது ஏற்கெனவே இல்லை. இல்லாமையை யாரோ உண்டாக்கினார்கள் என்பதை மறந்துவிட்டு, அதையே இயற்கை நிலையாக எடுத்துக்கொண்டு அதன் மேல் கணக்குப் போடுவது சாதிக்கு மிகவும் பழக்கமான வேலை. பணக்கார நாடுகளில் பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை பல பத்தாண்டுகளாகப் பெண்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டு சாவை எண்ண எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதித்திருக்காது. சோதனை இல்லாத பிரிவுப் பெண்களிடம் 'இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அதை இந்த ஆய்வில் உங்களுக்குத் தரப்போவதில்லை' என்று நேராகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் சம்மதித்திருப்பார்கள்? இந்த ஒரு கேள்வி போதும். சம்மதம் என்பதன் முழுப் பொருளும் அதில் இருக்கிறது.

விடுதிக் காப்பாளரின் கையெழுத்து

அடுத்தது கம்மம். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் ஆய்வை நடத்தியது. கம்மத்தில் பலர் ஆதிவாசிச் சிறுமிகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு வேறொன்றைக் கண்டது. ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டுகள். 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும். பெற்றோர் இல்லை.

நம்மில் எத்தனை பேர் ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்து வந்தோம்? காப்பாளர் நமக்காகக் கையெழுத்திடலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நாம் எதிர்த்திருப்போமா? தடுப்பூசி நல்லது. தமிழக அரசே 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு அதை அறிவித்தது. நம் பெண் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். நல்ல மருந்து என்பதற்காகக் கேட்காமல் போடலாம் என்று ஆகிவிடாது. கேட்காமல் செய்த ஒரு வேலை, நல்ல மருந்தின் மேலும் பல ஆண்டுகளுக்குச் சந்தேகத்தை விதைத்துவிட்டது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது

இந்தூரைச் சேர்ந்த ஸ்வஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகு விதிகள் இறுகின. இன்று நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். இவற்றோடு 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும் உண்டு. செயல்வீரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

எத்திக்ஸ் கமிட்டி என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் நெறிமுறைக் குழுவில் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாளாகவே இருக்க வேண்டும். ஒரு பெண், சட்டம் படித்தவர் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரணக் குடிமகன் ஒருவர் கட்டாயம். இந்தச் சாதாரணக் குடிமகன் இல்லாமல் கூட்டத்துக்குக் கோரம் கிடையாது.

நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விவரத் தாள் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு நடுநிலைச் சாட்சி முழு உரையாடலின்போதும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். படிவத்தின் நகல் நோயாளியிடம் போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. புத்தம் புதிய மருந்துச் சோதனையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் சேர்க்கப்பட்டால், சம்மதம் வாங்குவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். சமூக, பொருளாதார நிலையில் தாழ்த்தப்பட்டவர்களையும் பழங்குடியினரையும் இந்த வகையில்தான் 2017 நெறிமுறைகள் வைக்கின்றன.

மருந்துச் சோதனைப் படிவத்தில் வாரிசுதாரர் பெயருக்கு ஓர் இடம் உண்டு. சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக. அந்த இடம் காலியாக இருந்தால், அந்தப் படிவத்தை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். தன் சாவைப் பற்றிய கேள்வி ஒரு தாளில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மனிதனும் ஒரு நிமிடமாவது யோசிப்பான்.

வெட்கமும் மௌனமும்

சிறுநீரகவியல் புற்றுநோய்களில் இன்னொரு சிக்கல், வெட்கம். ஆண்குறிப் புற்று பணக்கார நாடுகளில் மிக அரிது. நம் போன்ற நாடுகளில் இன்னும் வருகிறது. முன்தோல் இறுக்கம், சுத்தம் செய்துகொள்ள வசதியின்மை, பாப்பிலோமா வைரஸ், புகையிலை ஆகியவை காரணங்களில் சில. தண்ணீரும் குளியலறையும் யாருக்கு எட்டும் என்பது நம் ஊர்களில் சாதிக் கேள்வியும்கூட. நோய் வந்தவர் மனைவியிடம்கூடச் சொல்லாமல், புண் முற்றிய பிறகே வருவார். உறுப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுக்க நேரலாம். அந்த நிலையில் தலைகுனிந்து நிற்கும் மனிதர், நீட்டும் தாளில் எல்லாம் கைநாட்டு வைத்துவிட்டு வெளியேறத்தான் பார்ப்பார். ஒரு திரை, ஒரு தனி அறை, யோசித்துச் சொல்ல ஒரு நாள் அவகாசம் ஆகியவை இருந்தால்தான் அங்கே சம்மதம் சாத்தியம்.

போட்டோவும் அப்படியே. மாநாட்டிலும் இதழிலும் காட்ட உறுப்பைப் படம் எடுக்கிறார்கள். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். ஆபரேஷனுக்குக் கொடுத்த கையெழுத்து போட்டோவுக்குச் செல்லாது.

வெட்டி எடுத்த சதைத் துண்டு மெழுகுக் கட்டியாகப் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படும். பழைய துண்டுகளையும் பழைய கேஸ் ஷீட்டுகளையும் வைத்துச் செய்யும் ஆய்வுகளில், பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டால், தனித்தனியாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம். இது தவறில்லை, இறந்துபோனவர்களைத் தேடிப் போய்க் கேட்க முடியாது. ஆனால் அந்த விலக்கைக் கொடுக்க வேண்டியது குழு. ஆய்வாளர் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்று போன்றவற்றில் பெற்றோர் சம்மதத்தோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள்.

நாம் என்ன செய்யலாம்

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு வெளியே நிற்பதும் நமக்கு நஷ்டமே. நம் உடம்பில் எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது, நம் ஊர்களில் எந்தப் புற்று ஏன் வருகிறது என்பது யாராவது ஆராய்ந்தால்தான் தெரியும். ஆராய்ச்சியின் சுமை நம் தோளிலும் பலன் வேறு வீட்டிலும் இறங்கக் கூடாது என்பதே நம் கோரிக்கை.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகும் தோழர்கள் ஐந்து கேள்விகளைப் பழகிக்கொள்ளுங்கள். இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? நான் சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? இதில் எனக்கு வரக்கூடிய கெடுதல் என்ன, வந்தால் செலவு யாருடையது? எந்தக் குழு ஒப்புதல் கொடுத்தது, யாரிடம் புகார் சொல்லலாம்? இந்தத் தாளின் நகல் எங்கே? இவற்றைக் கேட்பதால் எந்த நேர்மையான டாக்டரும் கோபப்பட மாட்டார். கேட்டதும் கோபம் வந்தால் அதுவே ஒரு பதில்.

மாணவர்களுக்கு: இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உங்கள் மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருக்கிறதா, சாதாரணக் குடிமகன் என்ற இடத்தில் யார் இருக்கிறார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த இடத்துக்கு மருத்துவம் படித்திருக்க வேண்டாம். விவரத் தாளை வாசித்து, 'இது எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது, மாற்றி எழுதுங்கள்' என்று சொல்லத் தெரிந்தால் போதும். சொற்களோடு வேலை செய்கிறவர்கள் நாம். கவிதையில் ஒரு சொல் தவறினால் சண்டைக்கு நிற்கிறோம். நம் அப்பாவின் உடம்பைப் பற்றிய தாளில் சொல் தவறும்போது சும்மா இருக்கலாமா?

தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு வரிக்குத் திரும்புகிறேன். 'நோயாளிகளிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறப்பட்டது.' அந்த வாக்கியத்தில் நோயாளி எதுவும் செய்வதில்லை. அவரிடமிருந்து ஒன்று பெறப்படுகிறது. 'நோயாளிகள் விவரம் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், சிலர் மறுத்தார்கள், மற்றவர்கள் சம்மதித்தார்கள்' என்று எழுதும் நாள் வர வேண்டும். மறுத்தவர்களின் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். அந்த எண் பூஜ்யமாக இருந்தால், கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை என்று பொருள்.